மலைமேட்டு ஊரிலிருந்து ஒரு கடிதம்

கிங்கைட், நுனாவுட், கனடா

அன்புள்ள சித்தப்பா,

நலம். சித்தியின் முழங்கால் வலி தேவலையா? எனக்குப் பள்ளிக்கூட வேலையும் குளிரும் பழகிவிட்டன.

இந்த ஊருக்குச் சாலை கிடையாது. விமானம்தான், கோடையில் கடல் இளகினால் சரக்குக் கப்பல். சுமார் 1,400 பேர், பெரும்பாலும் இனுயிட் மக்கள். பூமி அடியில் உறைந்தே கிடப்பதால் தண்ணீர் லாரி வீடு வீடாக வந்து தொட்டியை நிரப்புகிறது. கழிவுநீரை எடுக்க இன்னொரு லாரி. டிசம்பரில் வெளிச்சம் நாலைந்து மணி நேரம்தான். அதற்குள் குன்றெல்லாம் ரோஸ் நிறமாகி அடங்கிவிடும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இங்குள்ள ஓவிய அச்சுக்கூடத்தைப் பற்றி. மரமே இல்லாத ஊரில் மரக்கட்டை அச்சுக்கு எங்கே போவது? கல்லில் செதுக்குகிறார்கள். இங்கே அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் ஹூஸ்டன் 1958இல் ஜப்பானுக்குப் போய் அச்சுக்கலைஞர் உனிச்சி ஹிரட்சுகாவிடம் பயின்று வந்தபின் வேலை சூடுபிடித்திருக்கிறது. வரைபவர் ஒருவர், செதுக்குபவர் வேறொருவர். மையிட்ட கல்மேல் மெல்லிய ஜப்பான் தாளை விரித்துக் கையாலேயே தேய்த்து எடுக்கிறார்கள். வழக்கமாக 50 பிரதிகள்.

இந்த ஊர்க் கலைஞர் கெனோஜுவாக் அஷேவாக் 1960இல் படைத்த ‘மந்திர ஆந்தை’, இறகெல்லாம் கதிராக விரிந்து நிற்குமே, அது 1970இல் கனடாத் தபால்தலையில் வந்தது. உங்கள் ஸ்டாம்ப் ஆல்பத்தில் இருக்கிறதா பாருங்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஆந்தையைத்தான் கேட்கிறார்கள். எனக்கென்னவோ இதே ஊர் ஆனி பூட்டூகுக்கைத்தான் பிடிக்கும். அவருடைய பாட்டி பிட்சியோலாக் அஷூனா கூடாரமும் நாய் வண்டியுமாகப் பழைய வாழ்க்கையை வரைந்தவர். பேத்தி கலர் பென்சிலை எடுத்துத் தன் வீட்டையே வரைந்தார்: டிவி, சுவர்க் கடிகாரம், தரையில் உட்கார்ந்து சீல் இறைச்சி தின்னும் குடும்பம். அழகுபடுத்தவே இல்லை, குடித்துவிட்டு அடிப்பதைக்கூட வரைந்திருக்கிறார். 2006இல் கனடாவின் சோபி கலை விருது. 2016இல், 47 வயதில் போய்விட்டார்.

நேற்றுப் பக்கத்து வீட்டில் தரையில் அட்டையை விரித்து, பாட்டியம்மா பிறைக்கத்தியால் சீல் அறுத்துக்கொண்டிருந்தார். டிவியில் ஐஸ் ஹாக்கி. கடிகாரம் இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தேன். இருந்தது!

உங்கள் ஞாயிறு ஓவிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னமும் பூஜாடிதானா? ஒரு வாரம் சித்தியின் மிக்சியை வரையச் சொல்லுங்களேன். வந்ததை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ரமா