ஒரு முழக் கம்பி

சில கேமராக்களின் தலையில் இருக்கும் திருகில் ‘பி’ என்று ஓர் எழுத்து இருக்கும். பார்த்திருப்பீர்கள். பல்ப்! எரிகிற பல்ப் இல்லை, அமுக்குகிற பல்ப். அந்தக் கால கேமராக்களில் ரப்பர் குழாயின் முனையில் ஒரு பந்து தொங்கும். அமுக்கினால் காற்று போய் ஷட்டரைத் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். பந்து போய்விட்டது. எழுத்து மட்டும் டிஜிட்டல் கேமரா வரை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

பந்தின் வேலையை வாங்கிக்கொண்டது கேபிள் ரிலீஸ். சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரிதான், உறைக்குள் ஒரு கம்பி. ஒரு முனையை ஷட்டரில் திருகிவிட்டு, மறுமுனையைக் கட்டைவிரலால் அமுக்கவேண்டும். இந்த ஒரு முழக் கம்பிக்காக நான் நாலு மாசம் அலைந்தேன் என்றால் நம்புவீர்களா?

எல்லாம் பெரியப்பாவுக்காக. புதுச்சேரியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். வயசு 84. ஸ்டூடியோ போனாலும் கேமராவை விடவில்லை. ‘வாகீஸ்வரி’! ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் 1940-களில் செய்ய ஆரம்பித்த தேக்குமரக் கேமரா. ஆர்மோனியத் துருத்தி ரிப்பேர் பார்த்த கை, கேமராத் துருத்திக்கு மாறியது. லென்ஸும் ஷட்டரும் மட்டும் ஜெர்மனி. மியூனிக்கில் டெக்கல் கம்பெனி செய்த ‘காம்பவுண்ட்’ ஷட்டர்.

“உன் பெரியம்மாவ இதுல ஒரு படம் எடுக்கணும்டா” என்றார் ஒருநாள்.

“இந்த வயசுல எதுக்கு? மாலை போட்டு மாட்டவா?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பெரியப்பா பதில் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால், அவருக்குக் கை நடுங்கும். ஃபிலிமுக்குப் பதில் போட்டோ பேப்பரையே உள்ளே வைக்கப் போகிறார். பேப்பர் ரொம்ப மந்தம், நாலு செகண்டாவது வெளிச்சம் வாங்கவேண்டும். ஷட்டர் விசையை விரலால் தொட்டால் கேமராவே ஆடிவிடும். பழைய கம்பியோ துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒன்று கிடைத்தது. ஓடிவந்து பார்த்தால் தொப்பி மாதிரி முனை. பழைய லைகா, நிக்கான் எஃப் கேமராக்களுக்கானது. இரண்டாவது ஆன்லைனில் வந்தது. மரை கச்சிதமாக ஏறியது. அமுக்கினால்... ஊஹூம்! ஷட்டர் அசையவில்லை. பெரியப்பா ஸ்கேலை எடுத்துவரச் சொன்னார். ஊசி வெளியே வந்தது ஆறு மில்லிமீட்டர். “மரை சேர்ந்தா மட்டும் போதுமாடா? பெரிய ஷட்டருக்கு ஊசி இன்னும் நீளமா வரணும்.” சரி, சின்ன ஷட்டரில் நீள ஊசியைப் போட்டு ஓங்கி அமுக்கினால்? உள்ளே இருக்கும் நெம்புகோல் வளைந்துவிடுமாம். பழைய கேமரா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்!

பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டலில் பத்திரப்படுத்தியிருக்கிறது. நல்ல காரியம். இந்தக் கம்பிகளையும் யாராவது ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கக்கூடாதா என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது.

வைத்திருந்தார், சென்னையில் ஒரு ரிப்பேர்காரர். டிராயரைக் கவிழ்த்துக் கொட்டினார். ஸ்கேலோடு போயிருந்தேன். ஏழாவது கம்பி, பதினோரு மில்லிமீட்டர்! காசு வேண்டாம் என்றார். “படம் வந்தா ஒரு காப்பி குடுங்க ஸார்.”

முற்றத்தில் நாற்காலி. பெரியம்மா கத்தரிப்பூ நிறப் புடவையில். “கறுப்பு வெள்ளைதானே, எந்தப் புடவையா இருந்தா என்ன?” என்றவர்தான், மூன்று புடவை மாற்றியிருந்தார். பெரியப்பா கம்பியை இழுத்துப் பிடிக்காமல், பாம்பு மாதிரி வளைத்துத் தொங்கவிட்டார். அமுக்கினார். கை நன்றாகவே நடுங்கியது. கம்பியின் வளைவும் கூடவே ஆடியது. கேமரா ஆடவில்லை.

“ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு.”

சிவப்பு விளக்கில், தட்டிலிருந்த பேப்பரில் முதலில் புடவைக்கரை வந்தது, அப்புறம் முகம். நெகட்டிவ் ஆனாலும் தெரிந்தது, கண் இமைகூடக் கூர்மை. வலது கை மட்டும் புகை மாதிரி கலங்கியிருந்தது.

“என்னடி பண்ணே?”

“கொசு” என்றார் பெரியம்மா.