ஒருகொடவத்தையில் ஒரு முற்பகல்

கொழும்பிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குங்கூட ஒருகொடவத்தை என்பது பெரும்பாலும் கடந்து செல்லும் ஓர் இடமாகவே இருந்து வருகின்றது. அவிசாவளைப் பக்கம் போவோரும், களனி கங்கையைக் கடந்து வடக்கே போவோரும் அச்சந்தியிலே சற்றுத் தரித்து, கொள்கலன் ஏற்றிய பெரிய லொறிகள் விலகும்வரை காத்திருந்து, அப்பாற் சென்றதும் அதனை மறந்துவிடுவர். நானும் பல ஆண்டுகளாக அவ்வாறே கடந்து சென்றவன்தான். சென்ற பாடசாலை விடுமுறையிலே, என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் தமது கந்தோருக்கு வந்து போகும்படி வற்புறுத்தி அழைத்தமையால், ஒரு வியாழக்கிழமை முற்பகலை அங்கே கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

கொட்டாஞ்சேனையிலுள்ள எனது இல்லத்திலிருந்து ஒருகொடவத்தை நெடுந்தூரமன்று. கிராண்ட்பாஸ் வழியாக முச்சக்கர வண்டியிலே புறப்பட்டால் விரைவிற் சென்றடையலாம். வீதியில் நெரிசல் இல்லாத நாளாக அது இருக்கவேண்டும், அவ்வளவுதான். அண்மையை நெருங்கும்போது புதிய களனிப் பாலத்தின் உயர்ந்த தூண்கள் கண்ணிற் படுகின்றன. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே திறக்கப்பட்ட இப்பாலம், வடங்களால் தாங்கப்பெறும் வகையிலே இலங்கையில் அமைந்த முதற் பாலமாகும். அதன் கிளையொன்று ஒருகொடவத்தைப் பக்கமாக இறங்குகின்றது. அங்கிருந்து நோக்கினால், ஒருபுறம் பண்டகசாலைகளும் கொள்கலன் முற்றங்களும், மறுபுறம் லேத் பட்டறைகளும் தேநீர்க் கடைகளும், அவற்றின் பின்னே நெருங்கிய சிறு வீடுகளைக் கொண்ட ஒழுங்கைகளும் தெரிகின்றன. துறைமுகத்திலே இறங்கும் பண்டங்களிற் சோதனைக்குரியவை சில இப்பகுதி முற்றங்களுக்குக் கொண்டுவரப்படுகின்றன. ஆதலின் கடல் இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாவிடினும், கடல் வாணிகத்தின் ஓசை இரவும் பகலும் கேட்டுக்கொண்டேயிருக்கின்றது.

எனது மாணவரின் கந்தோர் ஒரு தேநீர்க் கடையின் மேல்மாடியிலே உள்ளது. சிறிய அறை, இரண்டு கணினிகள், ஒரு வருடி, சுவரிலே பசுமை நிற ஒளிப்புள்ளிகள் மினுங்கும் ஒரு சிறு பெட்டி. வெளியூரிலிருந்து பொருள் தருவிக்கும் வணிகர்களுக்காகச் சுங்கக் கருமங்களை முடித்துக் கொடுத்தலே அவர் தொழில். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கோ சேர், இருங்கோ. ஒரு கஸ்டெக் அனுப்பிப்போட்டு வாறன்" என்றார். சுங்கப் பிரகடனப் பத்திரத்தையே அத்தொழிலில் உள்ளோர் அவ்வாறு அழைக்கின்றனர். எனக்குத் தேநீர் வந்து, ஆறி, நான் குடிப்பதற்குள் அவர் வேலை முடிந்துவிட்டது.

அந்த வேலை யாது என்பதை வாசகர்களுக்குச் சிறிது விளக்குதல் நன்று. கப்பலிலே ஒரு கொள்கலன் வந்திறங்கினால், அதற்குரிய விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், கப்பற் பத்திரம் ஆகியவற்றை ஒப்புநோக்கிப் பிரகடனம் தயாரிக்கவேண்டும். பின்னர் அதனைச் சுங்கத் திணைக்களத்தின் 'அசிகுடா' என்னும் கணினி முறைமைக்கு அனுப்பவேண்டும். இம்முறைமை ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டமைப்பினால் உருவாக்கப்பட்டுப் பல நாடுகளிலே வழங்கி வருவதாகும். தீர்வையைச் செலுத்தவேண்டும், கப்பல் முகவரிடம் விடுவிப்புக் கட்டளை பெறவேண்டும். இவை யாவும் முடியும்வரை கொள்கலன் நின்ற இடத்திலேயே நிற்கும். சில நாட்கள் கழிந்ததும் அவ்வாறு நிற்பதற்குக் கட்டணம் ஏறத் தொடங்கும். 'டெமரேஜ்' என்ற சொல்லைக் கேட்டாற் புறக்கோட்டை வணிகர் முகம் வாடுவதற்குக் காரணம் இதுவே.

முன்னாளில் இவ்வேலைக்குக் கால்களே முதலாக இருந்தன. அறையின் மூலையிலே அமர்ந்து பத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அதனை எனக்கு எடுத்துரைத்தார். அவர் நெடுங்காலம் 'வாஃப் கிளாக்' ஆகப் பணியாற்றியவர். கோட்டையிலே ஒரு கந்தோர், துறைமுக வாயிலிலே ஒரு வரிசை, வங்கியிலே மற்றொரு வரிசை என்று, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாள் முழுவதும் ஓடியவர். "அப்ப எங்களைப்போல நாலு பேர் ஓடினம், ஐயா. இப்ப ஓடுறதுக்கு ஆள் தேவையில்லை. வாசிச்சுப் பிழை பிடிக்கத்தான் ஆள் தேவை. எனக்கு இருக்க இடம் கிடைச்சுது, மற்ற மூண்டு பேருக்குக் கிடைக்கேல்லை" என்றார். புதுமை தரும் நன்மையைப் பேசுவோர் இந்தக் கணக்கையும் மறைக்காது சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மாணவர் தமது கதையைத் தொடர்ந்தார். தொழில் தொடங்கிய காலத்தில் அவரிடம் இருந்தது பழைய செப்புக்கம்பி இணைப்பு. மாரிகாலத்திலே மழை சற்று வலுத்தாற் போதும். எங்கோ ஒரு மூட்டிலே நீர் புகுந்து இணைப்பு நின்றுவிடும். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அவ்வாறு நின்ற இணைப்பு திங்கட்கிழமைதான் திரும்பியது. அன்று அனுப்பவேண்டிய பத்திரம் அனுப்பப்படாமையாற் கொள்கலன் தேங்கிற்று, கட்டணமும் ஏறிற்று. குற்றம் தம்முடையதன்று எனினும், அத்தொகையைத் தாமே செலுத்தினார். அந்த மாதத்து வருமானம் முழுவதும் அதிற் போயிற்று. அப்படியிருந்தும், முதன்முதலாகக் கிடைத்த அந்த வாடிக்கையாளர் மீண்டும் வரவில்லை.

"லைன் நிண்டால் லொறி நிக்கும், சேர். லொறி நிண்டால் என்ர பேர் போகும்" என்றார்.

நம்மவர் வாணிகத்திலே 'நாணயம்' என்ற ஒரு சொல்லை வழங்குகின்றனர். அது காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். வேகமான இணைப்பைப் பற்றி விளம்பரங்கள் பெரிதாகப் பேசுகின்றன. ஆனால் ஒரு சிறு கந்தோருக்கு இணைப்பு தரும் பெரும் பயன், குறித்த நேரத்திலே குறித்த கருமத்தை முடிப்பேன் என்று அதன் உரிமையாளர் துணிந்து சொல்லக்கூடிய அந்த நாணயமேயாகும். பெரிய கம்பனியொன்று ஒரு நாள் தாமதித்தாற் பொறுத்துக்கொள்ளும் வணிகர், மேல்மாடி அறையிலே இருப்பவரைப் பொறுப்பதில்லை.

ஒளியிழை எவ்வாறு இதனைச் சாதிக்கின்றது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். செப்புக் கம்பியிலே மின்சாரம் ஓடுகின்றது. தூரம் கூடக்கூட அது தளர்கின்றது. நீர் பட்டால் மூட்டுகள் களிம்பேறுகின்றன. ஒளியிழை தூய கண்ணாடியால் ஆயது. அதன் நடுவே ஒளி செல்லும் பகுதி ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கிலுங் குறைந்த பருமனுடையது. அதற்குள்ளே ஒளித்துடிப்புகள் செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் வேகத்திலே செல்கின்றன. கண்ணாடியினூடே செய்தி அனுப்பலாம் என்பதை 1966இலே கணித்துக் காட்டியவர் சாங்காயிற் பிறந்து இங்கிலாந்திலே ஆராய்ச்சி செய்த சார்ள்ஸ் காவோ என்பவர். ஒரு கிலோமீற்றர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது எஞ்சினால் அதுவே போதும் என்றார் அவர். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அத்தகைய இழையைச் செய்து முடித்தனர். இக்காலத்து இழையிலோ ஒரு கிலோமீற்றர் கடந்தபின்னும் நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு எஞ்சுகின்றது. காவோவுக்கு 2009இலே நோபெல் பரிசு கிடைத்தது.

இன்னொரு நன்மையும் உண்டு. பழைய இணைப்புகள் நமக்குச் செய்தியை விரைவாகக் கொண்டுவந்து, நமது செய்தியை மெதுவாகவே கொண்டு சென்றன. படம் பார்ப்பவருக்கு அது குறையாகத் தோன்றாது. பத்திரம் அனுப்புபவருக்கோ அதுவே பெருங்குறை. வருடியெடுத்த பத்திரக் கட்டு 60 மெகாபைற் அளவுடையதாயின், செக்கனுக்கு ஒரு மெகாபிற் அனுப்பும் இணைப்பிலே அது எட்டு நிமிடம் எடுக்கும். 50 மெகாபிற் அனுப்பும் இணைப்பிலே பத்துச் செக்கனுள் முடியும். நாளொன்றுக்கு நாற்பது கட்டுகள் அனுப்புவோர் இந்த வேறுபாட்டைப் பெருக்கிப் பார்த்துக்கொள்வாராக.

இதன் பயன் சுங்கக் கருமத்தோடு நின்றுவிடவில்லை. கீழே தேநீர்க் கடையிலே, கட்டங்கள் நிறைந்த ஒரு சதுர அட்டை ஒட்டப்பட்டிருக்கின்றது. லொறிச் சாரதிகள் சிலர் தொலைபேசியை அதன்மேற் காட்டிப் பணம் செலுத்துகின்றனர். அடுத்துள்ள லேத் பட்டறைக்காரர், வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடத்தைத் திரையிலே பெரிதாக்கிப் பார்த்து அளவு பிடிக்கின்றார். முன்பு ஒரு பழைய உறுப்பைக் கையிலே கொண்டுவந்தாலன்றி வேலை தொடங்க முடியாதிருந்த இடம் அது. இன்று வெளிமாவட்டங்களிலிருந்தும் தமக்கு வேலை வருவதாக அவர் மகிழ்ச்சியோடு கூறினார்.

எனினும் கண்ணாடி இழையிலே எல்லாம் அடங்கிவிட்டது என்று எண்ணுதல் தவறு. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் அதன் கம்பி வழியே நிலையத்திலிருந்து வந்தது. ஒளியிழை மின்சாரத்தைக் கொண்டுவருவதில்லை. சுவரிலுள்ள பெட்டிக்கு நாமே மின் கொடுக்கவேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, இதனை நகரத்தார் அனைவரும் கற்றுக்கொண்டனர். எனது மாணவர் அன்று முதல் ஒரு சிறு மின்கலப் பெட்டியை வைத்திருக்கின்றார். கடலடி வடமும் அறுபடக்கூடியதே. 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டு வடத்தை அறுத்தமையால், நாட்டின் இணையத் தொடர்பு பெரிதும் தடைப்பட்டது. அதன் பின்னர் வேறு வடங்களும் நம் கரைக்கு வந்துள்ளன. 2016இலே மாத்தறையிலும் ஒன்று கரையேறியது. நாடு ஒரு வடத்தை நம்பியிருத்தல் ஆகாது. கந்தோரும் ஒரே இணைப்பை நம்பியிருத்தல் ஆகாது. இதனை உணர்ந்து, அவசரத்துக்கு வேறொரு நிறுவனத்தின் கைத்தொலைபேசி இணைப்பையும் அவர் வைத்திருக்கின்றார்.

நண்பகல் நெருங்கியதும் விடைபெற எழுந்தேன். அப்போது பாடசாலைச் சிறுமி ஒருத்தி கையிலே பயிற்சிப் புத்தகத்தோடு படியேறி வந்து, கதவோரம் தயங்கி நின்றாள். பின்னேயுள்ள ஒழுங்கையிலே அவள் வீடு. அங்கே ஒளியிழை இன்னும் வரவில்லை. வரினும் முதற் கட்டணத்தையும் மாதக் கட்டணத்தையும் செலுத்துவது அவள் தந்தைக்கு எளிதன்று. பாடத்துக்குரிய காணொளிகளை இங்கே வந்து பதிவிறக்கிக்கொண்டு போக மாணவர் அவளுக்கு இடங்கொடுத்திருக்கின்றார். 2020ஆம் ஆண்டு மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்ட காலம் என் நினைவுக்கு வந்தது. திரையிலே முப்பது பெயர்களை எதிர்பார்த்து, பதினொரு பெயர்களை மாத்திரம் கண்டு, வராத பத்தொன்பது பேரின் வீட்டு நிலையை எண்ணி வருந்திய காலைகள் அவை. பண்டகசாலைக்கு முன்னே வந்து நிற்கும் இழை, ஐம்பது யார் தள்ளியுள்ள வீட்டை அடைவதற்கு எத்தனை ஆண்டு எடுக்குமோ அத்தனை ஆண்டும் அப்பிள்ளையின் படிப்பிலே கழிகின்றது.

வணிகர்களுக்கு வேகமான இணைப்பினாலே நன்மை உண்டா என்று இனி எவரும் என்னைக் கேட்டால், உண்டு என்பேன். ஆயின் அது அறுபடாதிருக்கவேண்டும். அறுந்தால் அன்றே சீராக்க ஆள் வரவேண்டும். பெருவீதியோடு நில்லாமல் ஒழுங்கைக்குள்ளும் நுழையவேண்டும். இம்மூன்றும் கூடினாலன்றி நகரம் வளர்ந்தது என்று சொல்லல் பொருந்தாது.

படியிறங்கி வீதிக்கு வந்தேன். எதிரேயுள்ள முற்றத்தின் வாயில் திறந்து, நீல நிறக் கொள்கலன் ஏற்றிய லொறியொன்று மெல்ல வெளியே வந்து, புறக்கோட்டைப் பக்கம் திரும்பியது. மேலே சன்னலோரம் நின்ற மாணவர் அதனைச் சுட்டிக் காட்டி, "அது எங்கட, சேர்!" என்று உரத்துச் சொன்னார். அவர் முகத்திலே நான் கண்ட நிறைவு, பரீட்சைப் பெறுபேறு வந்த நாளிலேகூட நான் காணாததொன்றாகும்.