தெளிவு தொலைந்த கதை

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து ஆறு பக்கங்களைச் சென்ற வாரம் நீக்கினேன். அவற்றின் சாரத்தை ஒரு கருத்தரங்கில் வாசித்துப் பாராட்டும் பெற்றிருந்தேன். அது முற்றிலும் பிழை என்பது இப்போது தெரிகிறது. பிழைக்குக் காரணம் ஒரேயொரு 'ள'. மறைத்து வைக்க மனம் ஒப்பவில்லை. பிற ஆய்வு மாணவர்களுக்குப் பயன்படவும் கூடும். ஆகவே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள்க.

ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஏரிப்பாசனச் சொற்களைப் பற்றி ஆய்வு செய்து வருகிறேன். மடை, மதகு, குமிழி, தூம்பு, கலிங்கல் என இச்சொற்களின்மீது எனக்கு ஆர்வத்தை ஊட்டியவர் முதுகலையில் எனக்குக் கற்பித்த பேராசிரியர். அவர் 2002, 2003ஆம் ஆண்டுகளில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிக்கரை ஊர்களில் நடந்தே திரிந்து, முதியவர்களின் பேச்சைக் கேட்டபடியே எழுதி, பின்னர்த் தாமே கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். நூலாக்குவதற்கு முன்பே காலமாகிவிட்டார். துக்கம் கேட்கச் சென்றபோது அவர் துணைவியார் ஒரு மஞ்சள் பையில் நான்கு குறுந்தகடுகளைப் போட்டுக் கொடுத்தார். "இதைத் திறந்து பார்க்க ஆள் இல்லையேன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. நீ பாருப்பா" என்றார்.

திறந்து பார்த்தேன். தலையில் கொம்பும் குடுமியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாய் அணிவகுத்து நின்றன. அக்காலத்துக் கோப்புகளைத் திறந்தவர்கள் இக்காட்சியை அறிவார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களைத் தரமாக ஏற்றது. 256 இடங்களே உள்ள ஒரு பலகையில், ஆங்கிலத்துக்குரிய இடங்களை விட்டுவிட்டு, எஞ்சிய இடங்களில் தமிழைக் குடியமர்த்தும் ஏற்பாடு டாப். உரிய எழுத்துரு கணினியில் இல்லையெனில் குடியிருந்த தமிழ் வெளியேறிப் பழைய வீட்டுக்காரரான ஐரோப்பியர் எட்டிப் பார்ப்பார். 2010இல் ஒருங்குறியை அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குமுன் எழுதப்பட்டவை தாமாக எழுந்து புதுவீட்டுக்குக் குடிபெயர்ந்துவிடுமா என்ன?

எங்கள் விடுதியில் பக்கத்து அறையில் கணினி அறிவியல் ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். தெலுங்கர், என்னை "அன்னா" என்றே அழைப்பார். அவருடைய உலகத்து நகைச்சுவைக்கு நான் சில ஆண்டுகளாகவே மாணவன். தேநீர் கேட்டால், "418" என்பார். 1998 ஏப்ரல் முதல் நாளன்று இணைய நெறிமுறை வகுப்போர் விளையாட்டாக வெளியிட்ட ஓர் ஆவணத்தில், காபி போடச் சொன்னால் 'நான் தேநீர்க் குடுவை' என்று மறுக்கும் பிழைச்செய்தியின் எண் அது. பழைய யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அச்சுப்பொறி பற்றி எரிவதாக அறிவிக்கும் ஒரு செய்தி உண்டு என்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எந்தக் குறையை நான் கொண்டு சென்றாலும் அவர் முதலில் தரும் தீர்ப்பு ஒன்றே: "பெப்காக்." சிக்கல் விசைப்பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவே உள்ளது என்பதன் ஆங்கிலச் சுருக்கமாம் அது. நடுவே இருப்பது நான்தான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அவர் ஒரே மாலையில் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தார். பழைய குறியேற்றம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமிக்கும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில் சேமிக்கும். முதலில் 'க', பிறகு கொம்பு. ஆகவே இடம் மாற்ற வேண்டும். கொம்பும் மெய்யும் துணைக்காலும் வந்தால் 'கொ' ஆக்க வேண்டும். கொம்பும் மெய்யும் 'ள' வடிவமும் வந்தால்? "அது ஔகாரம். கௌரவம், மௌனம்" என்றேன் நான், தமிழறிந்தவன் என்ற மிடுக்கோடு. அவர் அப்படியே விதியாக எழுதினார். நிரலை ஓட்டியதும் தமிழ் பொங்கி வந்தது. நான்கு குறுந்தகடுகளிலிருந்த இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட குறிப்புகளும் உயிர்பெற்றன. அன்றிரவு இருவரும் பிரியாணி உண்டோம்.

இனித்தான் என் புலமை தொடங்குகிறது. குறிப்புகளில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எண்ணிக்கை எடுத்தேன். 'தண்ணி' வந்தது; 'பெருக்கு' வந்தது; 'வெள்ளம்' வரவில்லை. ஒருமுறைகூட வரவில்லை. ஏரி நிரம்பி வழிவதைப் பற்றி முதியவர்கள் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். ஆனால் 'வெள்ளம்' என்ற சொல்லே இல்லை! எனக்கு மெய்சிலிர்த்தது. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர் என்பதை நாம் அறிவோம். ஒரு சொல் மேற்கே பொதுப்பெயராக விரிந்தது என்றும், வடதமிழகத்து ஏரிப்பகுதியிலோ வழக்கொழிந்தது என்றும் ஒரு கோட்பாடு ஆறு பக்கங்களில் எழுந்தது. கருத்தரங்கில் ஒரு மூத்த அறிஞர், "துணிவான முடிவு" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பின்னிணைப்பை அச்செடுக்க வளாகத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அவர்கள் கணினியில் நான் பயன்படுத்திய எழுத்துரு இல்லை, வேறொன்றில் அச்சானது. தாள்களில் ஆங்காங்கே புள்ளிகளால் ஆன சிறு வட்டங்கள் தோன்றின. கடைக்காரரிடம் சண்டையிட்டேன். அவர் அமைதியாக, "உங்க ஃபைல்ல இருக்கறதுதான் வரும்" என்று இந்தியில் சொன்னார். என் நண்பரின் பெப்காக்கை அவர் வேறு சொற்களில் சொன்னார் என்பதை அன்று உணரவில்லை.

அறைக்கு வந்து நண்பரிடம் தாளைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது; வட்டங்கள் தெரிந்தன. "அன்னா, எல்லா வட்டமும் ஒரே மாதிரிக் குறிக்குப் பின்னாலதான் வருது. இது என்ன சொல்?" என்றார். படித்தேன்: தெளிவு. அதாவது, 'தெ'யும் 'ளி'யும் சேர்ந்த சொல்லை எங்கள் விதி 'தௌ' ஆக்கி, மிச்சமிருந்த இகரக் குறியை அநாதையாக நிறுத்தியிருந்தது. அடுத்த வட்டம்: வெள்ளம். 'வெ', 'ள்', 'ள' என்று பிரிய வேண்டியது 'வௌ' ஆகி, புள்ளி அந்தரத்தில் தொங்கியது. என் திரையின் எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன; கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். நான் 'வெள்ளம்' என்று தேடினேன்; கோப்பில் இருந்தது 'வௌ்ளம்'. இல்லை என்றது. அது பொய் சொல்லவில்லை.

நண்பர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதே மாதிரி தொடங்கும் வேறு சாதாரணச் சொற்களைத் தேடிப் பார்த்தீர்களா?" தேடினேன். 'வெளியே' இல்லை. 'வெள்ளை' இல்லை. 'வெள்ளிக்கிழமை' இல்லை. 'வெள்ளாமை' இல்லை! உழவர்களின் பேச்சைப் பதிந்த இருநூறு பக்கங்களில் வெள்ளாமை என்ற சொல் இல்லை என்பதை ஓராண்டாக நான் கவனிக்கவே இல்லை. அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1947இல் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் சிக்கிய அந்துப்பூச்சியைப் பணியாளர்கள் குறிப்பேட்டில் ஒட்டி வைத்த கதையை அவர்தான் எனக்கு முன்பு சொல்லியிருந்தார். 'பூச்சி' என்ற சொல்லைப் பொறியாளர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே குறைகளுக்கு வழங்கி வந்தனர். உண்மைப் பூச்சியே கிடைத்ததுதான் அன்றைய வேடிக்கை. என் பூச்சி நிரலில் இல்லை. "அது ஔகாரம்" என்று நான் சொன்ன வாக்கியத்தில் இருந்தது. மாதிரிக்கு இரண்டு சொற்கள் கொடுத்தேன். மாற்றுச் சான்று ஒன்றையும் யோசிக்கவில்லை.

விதியைத் திருத்தினோம்: 'ள'வை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், ஔகாரம் அன்று. பெரும்பகுதி சரியாயிற்று. ஆனால் எஞ்சியதை எந்த விதியாலும் தீர்க்க இயலவில்லை. பேராசிரியர் பேச்சை அப்படியே எழுதியவர். 'வெளச்சல்', 'வெளஞ்ச நெல்லு', 'வெளக்கு' என்று பக்கந்தோறும் வரும். அங்கே 'ள' தனியாக நிற்கிறது. வடிவத்தில் 'மௌன'த்தின் ஔகாரத்துக்கும் அதற்கும் வேறுபாடே இல்லை. பொருள் தெரிந்த ஒருவர் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே இருநூறு பக்கங்களையும் முதன்முறையாக வரிவரியாகப் படித்தேன். ஆம், முதன்முறையாக. அதுவரை தேடியிருந்தேனேயன்றிப் படித்திருக்கவில்லை. நெறியாளரிடம் இதைச் சொன்னபோதுதான் மிகவும் வெட்கினேன். அவர், "ஆறு பக்கத்தை எடுத்துவிடுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்பதை முறையியல் பகுதியில் ஒரு பத்தி எழுதுங்கள்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

படித்த பக்கங்களில் ஒரு முதியவர் சொல்கிறார்: "வெள்ளம் வர்ற ராத்திரி எங்கப்பன் கலிங்கல் மேலயே படுத்துக் கெடப்பாரு." அவ்வாக்கியத்தைப் பேராசிரியரின் துணைவியாருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்த ஊருக்கு நானும் போயிருந்தேன்பா" என்றார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பு உங்களிடம் இருந்தால், இப்போதே 'வௌ்', 'வௌி', 'தௌி' என்று தேடிப் பாருங்கள். இணையத்தில் உள்ள பழைய நூல்களின் மின்பிரதிகளிலும் இவை மலிந்து கிடக்கின்றன. ர் என்பதைத் துணைக்காலின்மீது புள்ளி வைத்துத் தட்டச்சு செய்யும் பழக்கத்தாலும் இதே கேடு நேர்கிறது. 'அவர்' என்று தேடினால் 'அவா்' அகப்படாது. ஒரு சொல் இல்லை என்று எழுதுமுன், கட்டாயம் இருந்தே தீர வேண்டிய சொல் ஒன்றையும் சேர்த்துத் தேடுங்கள். எனக்கு அது வெள்ளாமை.

திருத்திய நிரல் வேண்டுவோர் உள்பெட்டியில் எழுதுக. நண்பர் அதன் தலைப்பில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: 'தமிழ் தெரிந்தவர் சொன்னாலும் சரிபார்க்கவும்.'