இந்த ஊர்க்காரன் ஏறுவானா?

எந்த ஊரில் படகைப் பார்த்தாலும் மாமா கேட்பது ஒரே கேள்விதான்: “இந்த ஊர்க்காரன் இதுல ஏறுவானா மாப்ளே?” விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் காலமெல்லாம் துணி கிழித்தவர். மீட்டருக்கு எவ்வளவு லாபம் வைத்திருக்கிறான் என்பது அவர் விரலுக்கே தெரியும். ஊர்க்காரன் ஏறுகிற படகில் விலை உண்மையாக இருக்கும், வந்து போகிறவன் மட்டும் ஏறுகிற படகில் விலைக்குள் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு.

மதுரைக்காரர்களுக்குப் படகு என்பது வெளியூர்ச் சரக்கு. ஆறு இல்லாமல் இல்லை. 1889இல் கட்டிய ஏ.வி. பாலத்தில் தினமும் அதைத் தாண்டித்தான் கோரிப்பாளையம் போகிறோம். ஆனால் வருஷத்தில் பாதி நாள் கீழே புல்லும் எருமையும்தான். சித்திரையில் அழகர் இறங்குவதற்கே வைகை அணையில் தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. பரிபாடல் காலத்து ஆட்களோ புதுவெள்ளம் வந்தால் நகரமே காலியாகிற மாதிரி திரண்டு போய் ஆற்றில் விழுந்து ஆடியிருக்கிறார்கள். யாரும் டிக்கெட் எடுத்ததாகத் தெரியவில்லை.

அதனால் படகுக்கு ஆசைப்பட்டால் பஸ் ஏற வேண்டும். எனக்கு முதல் படகு தேக்கடியில். ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் பிடித்து, உசிலம்பட்டி, தேனி, கம்பம் என்று மாமா மடியில் தூங்கியபடி போனது. குமுளியில் இறங்கியதுமே ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். படகுக்கு டிக்கெட் தீர்ந்துபோச்சு, தன்னிடம் இருக்கிறது என்றார். மாமா அவரிடம் மரியாதையாக டீக்கடைக்கு வழி கேட்டுவிட்டு நேரே கவுன்ட்டருக்கு நடந்தார். டிக்கெட் இருந்தது. இன்றைக்கு அதே வேலையை இணையத்தில் முன்கூட்டியே முடித்துவிடலாம். ஆனாலும் அங்கே போய் முழிக்கிறவர்கள் உண்டு. படகுக் கட்டணம் தனி, புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிற கட்டணம் தனி என்பது பலருக்கு வாசலில் நிற்கும்போதுதான் தெரிகிறது.

அந்த ஏரியில் பட்ட மரங்கள் தண்ணீருக்குள் கறுப்பாக நிற்கும். உச்சியில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்தத் தண்ணீர் கிழக்கே இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வயலையெல்லாம் நனைத்து, வைகையில் சேர்ந்து எங்கள் ஊருக்கு வருகிறது. மாமா இதை விளக்கிவிட்டு, “நம்ம வீட்டுக்கு வர்ற தண்ணி. அது மேல உக்கார நம்மகிட்டயே காசு வாங்குறான் பாரு” என்றார். அங்கே அவர் கேள்விக்கு வேலையில்லை. ஊர்க்காரன் ஏறுகிற படகு என்று தனியாக ஒன்று கிடையாது.

ஆலப்புழையில் அந்தக் கேள்விக்கு முழு வேலை. படகுத் துறையில் ஒரு ஹவுஸ்போட் தரகர், “ரூம் ஃபுல் ஏசி சார்” என்று ஆரம்பித்தார். மாமா, “எத்தனை மணிக்குப் போடுவீங்க?” என்றார். தரகர் கொஞ்சம் தயங்கி, “ராத்திரி ஒம்பதுக்கு மேல” என்றார். அடுத்த கேள்வி, “படகு எத்தனை மணிவரைக்கும் ஓடும்?” நண்பகலில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் கரையில் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் மீனவர்கள் வலை போடுகிற நேரம். ஒரு நாள் வாடகை கொடுத்தாலும், காலையில் கொஞ்சம் ஓட்டுவதையும் சேர்த்து, படகு நகர்வது அஞ்சாறு மணி நேரம்தான். மிச்ச நேரத்துக்குக் கொடுப்பது தண்ணீரில் மிதக்கிற லாட்ஜுக்கு. வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

நாங்கள் ஏறியது அரசுப் படகு. கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை, பஸ் ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறது. ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு இரண்டரை மணி நேரம், கட்டணம் ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. முன்னால் சிராங்கு சுக்கான் பிடித்து நிற்பார். என்ஜின்காரர் உள்ளே இருப்பார், வழி தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கயிறும் மணியும். சிராங்கு கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். என்ஜின் வேகம் குறையும், நிற்கும், பின்னால் போகும். துறைக்குத் துறை மணி. மீன் கூடையோடு ஓர் அம்மா ஏறினார், யூனிபார்ம் பிள்ளைகள் படகு முட்டுவதற்கு முன்னாலேயே கரைக்குத் தாவினார்கள். பக்கத்தில் ஹவுஸ்போட் ஒன்றில் நாலு பேர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, இதே தென்னையையும் இதே வாத்துக் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு போனார்கள். மாமாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அத்தைக்கு இல்லை. “ஊர்க்காரன் ஏறலேன்னா நாம ஏறக் கூடாதா? நம்ம கோயிலுக்கு வெளியூர்க்காரன் வராமயா இருக்கான்?” என்று வீட்டுக்கு வந்தபிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. என் ஓட்டும் அத்தைக்குத்தான். மிச்சம் பிடிப்பதற்காகவே ஊர் சுற்றுகிறவன் வீட்டிலேயே இருந்தால் இன்னும் மிச்சமாகும். கடைசியில் மாமா இறங்கி வந்தார், ஆனால் தன் வழியில். கிறிஸ்துமஸ் லீவு வேண்டாம், நேரு கோப்பைப் படகுப் போட்டியையொட்டியும் வேண்டாம் என்று தள்ளி, ஜூலை மழையில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தார். அந்த மாதத்தில் ஹவுஸ்போட்டுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். விலை தானாகவே இறங்கும். மழை ஓலைக்கூரையில் விழுகிற சத்தத்தில் அத்தை கரிமீன் சாப்பிட்டார். மாமாவும் ரசித்தார், வெளியில் சொல்லவில்லை.

சொந்த ஊரில் நிலைமை தலைகீழ். தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு மண் எடுத்த பள்ளம் என்பார்கள். நான் பையனாக இருந்த காலத்தில் அது எங்களுக்குக் கிரிக்கெட் மைதானம். தைத் தெப்பத்துக்குத் தண்ணீர் இல்லாத வருஷங்களில் நிலைத்தெப்பம்தான். தண்ணீர் இருந்தால் கரையில் நின்று ஆட்கள் வடம் பிடித்து இழுக்க, மீனாட்சியும் சொக்கரும் மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். பிறகு வைகைத் தண்ணீர் வருகிற கால்வாயைச் சரிசெய்து குளம் நிரம்பி, காசு வாங்கிக்கொண்டு படகும் விட்டார்கள். மாமா கரையில் நின்று பார்த்துவிட்டு, “ஊர்க்காரன் மட்டும்தான்யா ஏறியிருக்கான்” என்றார். வெளியூர்க்காரன் எவனும் மதுரைக்குப் படகுக்காக வரமாட்டான்.

கொச்சியில் பேரம் பேச ஆளே இல்லாமல் போனதில் அவருக்கு வருத்தம். 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ வந்தது. ஹைகோர்ட் துறையிலிருந்து வைப்பினுக்கு 20 ரூபாயில் தொடங்கினார்கள். மின்சாரப் படகு, சத்தமில்லை, ஏசி பகலிலேயே ஓடுகிறது. மெரைன் டிரைவில் சுற்றுலாப் படகுக்காரர்கள் கூவிக் கூப்பிடுகிற அதே காயல். பாங்காக்கிலும் இப்படித்தானாம். சாவ் பிரயா ஆற்றில் சுற்றுலாப் படகுக்கு நீலக்கொடி. ஆரஞ்சுக் கொடி கட்டியது ஆபீஸ் போகிறவர்கள் ஏறுவது, கட்டணமும் குறைவு.

மதுரையிலிருந்து நேராக விமானம் இருப்பதால் சிங்கப்பூர் எங்களுக்குக் கொஞ்சம் பக்கத்து ஊர் மாதிரி. மாமா மகள் அங்கேதான். கிளார்க் கீயில் ஆற்றுப் படகு ஏறப் போனபோது மச்சினிச்சி போனிலேயே முன்பதிவு செய்திருந்தாள். கவுன்ட்டர் விலையைவிடக் குறைவு. லேசர் காட்சியோடு வருகிற ராத்திரிப் படகுக்குத் தனி விலை. அதை விட்டுவிட்டு அந்தி நேரத்தில் ஏறி இறங்கி, கரையில் நின்றே காட்சியைப் பார்த்தோம். மாமாவுக்கு மனசு ஒட்டவில்லை. ஊர்க்காரன் படகு எது என்று துளைத்ததில் அவள் சாங்கியிலிருந்து புலாவ் உபின் தீவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே டிக்கெட்டே கிடையாது. 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், படகுக்காரர் கையில் காசு. அவசரம் என்றால் 12 பேர் காசையும் நாமே கொடுக்கலாம். ஆள் சேருகிறவரை பெஞ்சில் காத்திருந்தோம். “இதுதான்யா ஷேர் ஆட்டோ” என்று மாமா பூரித்துப்போனார்.

இவ்வளவு கணக்குப் பார்க்கிறவர் ஓர் இடத்தில் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. 2009 செப்டம்பர் 30 சாயங்காலம் தேக்கடியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்றார்கள், படகின் வடிவத்திலேயே குறை என்றும் சொன்னார்கள். நாங்கள் உட்கார்ந்துபோன அதே தண்ணீர். அன்றிலிருந்து மாமா எந்தப் படகிலும் முதலில் தொடுவது லைஃப் ஜாக்கெட்டின் பக்கிளை. ஒரு காயலில் பாதி விலைக்கு வருகிறேன் என்ற படகுக்காரரிடம் பக்கிள் உடைந்த ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேசாமல் முழு விலைக்காரரிடம் போனார்.

போன லீவுக்கு சிங்கப்பூர்ப் பேத்தி வந்தபோது தேக்கடிக்கே கிளம்பினார். காலை முதல் படகுக்கு முன்பதிவு, வெயில் ஏறுவதற்கு முன் போனால்தான் மான், காட்டெருமை ஏதாவது கண்ணில் படும் என்று. குழந்தைக்கு ஜாக்கெட்டை மாட்டி, பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு தண்ணீர் எங்கே போகிறது என்ற பழைய பாடத்தை ஆரம்பித்தார். பேத்தி கேட்டுவிட்டு, “அப்போ பஸ் வேணாம் தாத்தா, போட்லயே மதுரைக்குப் போயிடலாம்” என்றாள்.

“போலாம்த்தா. லோயர் கேம்ப்ல பவர் ஹவுஸ் குழாய்க்குள்ள இறங்கணும். அதுக்கு எவனும் டிக்கெட் தரமாட்டான்” என்றார் மாமா.