மாங்கா!

ஹாஸ்டல்ல எனக்குப் பேரு 'மாங்கா'. முதல் வருஷம் ஒரு சீனியர், "அப்பா என்ன பண்றார்?"னு கேட்க, "கிருஷ்ணகிரியில மாங்காய் மண்டி"னு அப்பாவியா சொல்லித் தொலைச்சேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் வந்தாச்சு... பேரு மட்டும் மாறலை!

மண்டிக்கு விதை போட்டது தாத்தா. 1976-ல, கொள்ளும் கடலையும் விளைஞ்ச 5 ஏக்கர் மானாவாரி நிலத்துல, 33 அடிக்கு ஒண்ணா 200 மாங்கன்று நட்டார். அத்தனையும் பெங்களூரா... அதாங்க, கிளிமூக்கு! பாட்டி குடத்துல தண்ணி சுமந்து ஊத்துச்சாம். காய்ப்புக்கு வர அஞ்சு வருஷமாகும். "இலவு காத்த கிளி"னு ஊரே கிண்டல் பண்ணுச்சு.

காய்ச்சதும், பூவுலயே தோப்பைக் குத்தகைக்கு விடுறதுதான் வழக்கம். ஒரு வியாபாரி பாதிப் பணத்தோட காணாமப் போக, 'நாமே பறிச்சு, நாமே பெட்டி போடுவோம்'னு தாத்தா ரோட்டோரமா ஷெட் போட்டுட்டார். காம்போட பறிக்கணும், பால் பட்டா தோல் கறுத்துடும், பெட்டிக்கு மேலயும் கீழயும் ஒரே சைஸ் காய் இருக்கணும்... இதெல்லாம் அவர் போட்ட சட்டம். பிறகு மாங்கூழ் ஃபேக்டரிகள் வந்ததும் கிளிமூக்குக்கு மவுசு கூடுச்சு. நீங்க கேன்டீன்ல உறிஞ்சுற மாம்பழ ஜூஸ்ல எங்க தோப்புக் காயும் இருந்திருக்கலாம் பாஸ்!

இனிமே சொல்றது, நான் ஹாஸ்டல்ல யார்கிட்டயும் சொல்லாத சமாசாரம். முதல் வருஷம் வொர்க்‌ஷாப்ல கேஸ் வெல்டிங் கிளாஸ். அசிட்டிலீனைத் திறந்ததும் பூண்டு மாதிரி ஒரு வாடை. பசங்க மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. எனக்கு மட்டும் எங்க மண்டி ஞாபகம் வந்துச்சு! ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தவர், "கல்லு வெச்சிருக்கோம்டா"ன்னார்.

கல்லுன்னா, கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டா அசிட்டிலீன் வரும். செங்காயும் ராத்திரியோட ராத்திரியா மஞ்சளாகிடும். ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும்கிறதால பழத்துக்கு அதை வைக்கத் தடை. ஆனா அப்பா பொறுப்பெடுத்த நேரத்துல, பழத்துக்குக் கலர் கேட்டு சென்னை வியாபாரிங்க நெருக்கியிருக்காங்க. ரெண்டு செந்தூரா சீசன் கல்லுலதான் ஓடியிருக்கு. என் எல்.கே.ஜி. ஃபீஸ் அந்தக் காசு.

எப்ப நிறுத்தினார் தெரியுமா? வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு கூடை வைக்கோல்ல பழுக்க வெச்சிருக்கார். தாத்தா அதைப் பார்த்துட்டு, "ஊருக்கு ஒரு பழம், பேரனுக்கு ஒரு பழமாப்பா?"ன்னாராம். அவ்ளோதான். அடுத்த சீசன் கல்லு வரலை. ரெண்டு பெரிய வியாபாரிங்களும் வரலை. பாட்டியோட நகை அடகுக்குப் போச்சு. எத்திலீன் சேம்பர் போடலாம்தான். 100 பி.பி.எம். வரைக்கும் சட்டமே அனுமதிக்குது. நான்கூட டிசைன் போட்டுக் கொடுத்தேன். எஸ்டிமேட்டைப் பார்த்துட்டு அப்பா மடிச்சு சட்டைப்பையில வெச்சுக்கிட்டார்.

2025 சீசன்ல கிளிமூக்கு கிலோ 5 ரூபாய்க்கு விழுந்துடுச்சு. பறிக்கிற கூலிக்கே கட்டலை. பாதிக் காய் மரத்துலயே அழுகுச்சு. ஜூலையில அப்பா 40 மரத்தைத் தலை வெட்டிட்டார். அந்தத் துளிர்ல இமாம்பசந்து ஒட்டுக் கட்டணும். ரம்பச் சத்தம் கேட்ட நாள்லேருந்து தாத்தா தோப்புப் பக்கம் போகலை. 'அப்பா செஞ்சது சரிதான்'னு நான் சொன்னதுக்கு என்கிட்டயும் ரெண்டு நாள் பேசலை.

தீபாவளி லீவுல துளிரை போட்டோ எடுத்து தாத்தாகிட்ட நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது கெணத்தோரத்து மரம்தானே? துளிரைப் பூச்சி கடிச்சிருக்கு பாரு. உங்கப்பன்கிட்ட சொல்லு."