உண்டியலுக்கு வெளியே ஒரு கணக்கு

70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலை ஏறுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது சோடா. சாமியெல்லாம் அப்புறம்தான்! அதனால், கோயில் பக்கத்தில் முதன்முதலாகக் கடை போட்டவரை நான் ஞானி என்றே சொல்வேன்.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். அன்னாசி, மலைவாழை, மிளகு, தேன், முடவாட்டுக்கால் கிழங்கு... ஆடிப்பெருக்கு சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவும் சேர்ந்துகொள்ள, மலை கொள்ளாத கூட்டம். "சாமி கும்பிடற இடத்துல எதுக்கு சார் சந்தை?" என்று சலித்துக்கொள்ளும் ஆசாமி ஒருவர் எந்தக் கூட்டத்திலும் உண்டு. அவருக்காக ஒரு கிரேக்கக் கதை.

ஏஜியன் கடலில் டெலோஸ் என்று ஒரு பொட்டல் தீவு. அப்பல்லோ சாமி பிறந்த இடம் என்பது கிரேக்கர்களின் நம்பிக்கை. இனி இந்த மண்ணில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று கி.மு. 426-ல் ஏதென்ஸ்காரர்கள் உத்தரவே போட்டார்கள். அவ்வளவு ஆச்சாரம்! ஆனால் கோயிலை ஒட்டியே சந்தைச் சதுக்கங்கள். கி.மு. 166-ல் ரோம் அதை வரியில்லாத் துறைமுகம் ஆக்கியதும் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. சரக்கோடு சரக்காக மனிதர்களையும் விற்றார்கள். ஒரே நாளில் 10,000 அடிமைகளைக் கைமாற்றக்கூடிய இடம் என்று ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 88, 69 என்று இரண்டு முறை சூறை. வியாபாரிகள் மெள்ள மெள்ள மூட்டை கட்டினார்கள். இன்று அங்கே மிச்சம், உடைந்த தூண்களும் டூரிஸ்ட்டுகளும்தான்.

ஆக, சாமி பக்கத்தில் சந்தை தாராளமாக இருக்கட்டும். அங்கே மனுஷனுக்கு என்ன மதிப்பு என்றுதான் பார்க்கணும்.

என்னோடு வந்த நண்பர் உண்டியலில் 100 ரூபாய் போட்டார். ரசீது கேட்கவில்லை. வெளியே வந்ததும், அன்னாசிக்கு 40 ரூபாய் சொன்ன அம்மாவிடம், "முப்பதுன்னா குடும்மா" என்றார்.

"பழம் தானா நடந்து வரல சாமி. விடியக் காலையில நாந்தான் தலையில சுமந்து வந்தேன்."

உள்ளே இருக்கிற சாமியிடம் பேரம் பேசாத மனுஷர், தன்னையே 'சாமி' என்று கூப்பிட்டவரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நின்றால் நன்றாகவா இருக்கும்? தலையைச் சொறிந்துகொண்டே 40 ரூபாயை எடுத்து நீட்டினார்.

அறப்பளீஸ்வரர் எதை வரவு வைத்தாரோ, எனக்குத் தெரியாது. பி.காம். படித்தவன் என்ற முறையில் ஆடிட் பண்ணச் சொன்னால், அந்த 40-க்குத்தான் நான் முதலில் டிக் அடிப்பேன்!