ஒண்ணே ஒண்ணு

கடைசல் பட்டறைக்கு வினோதமான வேலையோடு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். "ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி, கையோட முடிஞ்சிரும்." கட்டில் கால் நாலு கடைவதென்றால் முதல் காலுக்குத்தான் நேரம் பிடிக்கும். அளவுக் குச்சியில் கோடு போட்டு, மணி எங்கே, கழுத்து எங்கே என்று கண்ணில் ஏற்றிக்கொண்டால் மற்ற மூன்றையும் கை தானாக முடித்துவிடும். ஒண்ணே ஒண்ணு என்றால் அந்த முதல் கால் மட்டும்தான்; பின்னால் வரும் மூன்று கிடையாது. இதை ராஜபாளையத்தில் ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. அப்பா அந்த முயற்சிக்கே போகமாட்டார். "ஆகிறதைக் குடுங்க" என்பதோடு சரி. சிலர் பணம் கொடுப்பார்கள், சிலர் வீட்டிலிருந்து சப்பட்டை மாம்பழம் ஒரு கூடை வரும். மாம்பழமாக வாங்கியதில் அவருக்கு நஷ்டமில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா கிண்டுகிற வீட்டு அம்மா ஒருவர் துடுப்புப் பிடியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். தலை இரும்பு, பிடி மரம். மரம் வெடித்துவிட்டது. "இதே மாதிரி வேணும் தம்பி." வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் படுகிற இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குப் பள்ளம். அதற்குக் கீழே நடுவில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருந்தது. நேர் மையத்தில் பூட்டினால் லேத்தில் உருண்டைதான் வரும்; அப்படிச் சுற்றுகிற கட்டையில் ஒரு பக்கத்தை மட்டும் சீவ முடியாது. மஞ்சணத்தியில் பிடியை உருட்டி எடுத்துக்கொண்டு, அந்த அம்மாவையே பட்டறையில் நிறுத்தி, காலி வாளிக்குள் கிண்டிக் காட்டச் சொன்னேன். பால் தண்ணியாக இருக்கும்போது மேல் நுனியைப் பிடித்துத் துழாவுகிறார். இறுக இறுகக் கை கீழே இறங்குகிறது. கடைசியில் நடுப்பிடியைப் பற்றி உடம்பையே கொடுத்துத் தள்ளுகிறார். அந்த இரண்டு தேய்மானமும் பாலின் இரண்டு பதம். அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் கொடுத்தேன். 2019இல் அந்த ஊர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்தப் பிடிதான் ஞாபகம் வந்தது.

தேய்மானம் என்றால் அப்பாவுக்கு ஆகாது. அவர் மில் காலத்து ஆள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பிறகு ஊரே நூலைச் சுற்றி வளர்ந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள். கதிரில் மாட்டும் பாபின் அப்போதெல்லாம் மரம்தான். கதிர் நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடும். ஒரு பக்கம் மயிரிழை கனம் கூடினாலும் பாபின் உதறும், நூல் அறுந்துபோகும். அப்பா கடைந்த கட்டையைக் கம்பியில் கோத்து விரலால் சுண்டிவிடுவார். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அது கழிசல், எங்களுக்கு விளையாட்டுச் சாமான். பிளாஸ்டிக் பாபின் வந்ததும் அந்த வேலை நின்றது. அதற்காக நான் அழமாட்டேன்; சுண்டிப் பார்க்கவே தேவையில்லாத சாமான் அது. ஆனால் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. பூரிக்கட்டையைக்கூடச் சுண்டிப் பார்க்கிறேன்.

நாய் வண்டிக்குச் சக்கரம் கடைந்தபோது அது உதவியது. பின்னங்கால் இரண்டும் விழுந்துபோன ராஜபாளையம் நாய். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் தபால்தலையில் வந்த அதே சாதி. இடுப்பைத் தாங்க ஒரு சட்டம், அடியில் இரண்டு சக்கரம். வீட்டுக்காரருக்கு ஒரு நிபந்தனை. "சக்கரம் சத்தம் போடக் கூடாதுங்க, மிரண்டுரும்." சைக்கிள் ட்யூபை வெட்டி விளிம்பில் இறுக்கி, சத்தமில்லாமல் உருட்டிக் காட்டினேன். சட்டத்தைப் பூட்டும்போது பக்கத்தில் நின்ற அவர் பேரன், "தாத்தா, அதுக்குத்தான் காதே கேக்காதே" என்றான். அந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு சாதாரணம். தாத்தா என்னைப் பார்க்காமல் நாயைத் தடவிக்கொண்டிருந்தார். ட்யூப் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இடித்த வீட்டு உத்தரம் யாராவது கொண்டுவந்தால் ஆச்சா மரமா என்று முதலில் பார்ப்பேன். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரத்துக்கு அதைத்தான் தேடுவார்கள். பழைய வீட்டில் தலைமுறைக் கணக்கில் காய்ந்த மரமாக இருக்கவேண்டும். பச்சை மரம் பிளந்துவிடும். குழலும் கடைசல் வேலைதான், அந்தக் காலத்தில் கயிறு இழுத்துச் சுழற்ற ஓர் ஆள் வேண்டும். 1955இல் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளைக்காக அங்கே ரங்கநாதன் ஆசாரி ஒரு நாயனம் செய்தார். சுத்த மத்திமம் ஒழுங்காகப் பேசவேண்டும் என்பதுதான் பிரச்சினை. அதற்குமுன் வாசிக்கிறவர் உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்டவேண்டியிருந்தது. இந்த நாயனத்தில் அது மரத்திலேயே வந்தது. ஒருவருக்காகச் செய்த அந்தப் பாரி நாயனம் பிறகு எல்லார் கைக்கும் போனது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கும் புவிசார் குறியீடு வந்தது. எங்கள் தொழிலில் ஒண்ணே ஒண்ணு என்று வந்த வேலைகளில் அந்தப் பாரி நாயனத்தைவிடப் பெரியது எனக்குத் தெரியாது. அதற்கு என்ன கூலி பேசினார்களோ!

போன ஆடிப்பூரத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் நாட்டிய டீச்சர் ஒருவர் வந்தார். ஆண்டாள் வேஷத்துக்குச் சாய்ந்த கொண்டை வேண்டும், உள்ளே மரக்கூடு, மேலே அவர்கள் முடி சுற்றிக்கொள்வார்கள். பிள்ளை சட்டென்று தலையைத் திருப்பினாலும் அது அசையக்கூடாது. கல்யாண முருங்கையில் எடுத்தேன், பஞ்சு மாதிரி கனமில்லாத மரம். முதலில் நேர் மையத்தில் குமிழைக் கடைந்தேன். பிறகு மையத்தைக் கொஞ்சம் தள்ளிப் பூட்டி அடிப்பக்கம் கடைந்தால் சாய்வு வந்துவிடும். மையம் தள்ளிய கட்டை சுற்றும்போது லேத்தே ஆடும். வேகத்தைக் குறைத்து, உளியைக் காற்றில் பிடித்தபடி காத்திருக்கவேண்டும், ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் மரம் வந்து தொடும். சீவல் சுருளாக வராது, நகம் நகமாக விழும். அடியைக் குடைந்து, பட்டை கோக்க இரண்டு துளை போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் டீச்சர் தாய்மார்கள் ஐந்து பேரோடும் பிள்ளைகளோடும் வந்து நின்றார். ஐந்து தலைக்கும் ஐந்து அளவு. எல்லாரும் நன்றாக எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். ஆடுகிற அன்றைக்கு எப்படி வாருவீர்களோ அப்படி வாரிக் கூட்டிவாருங்கள், அப்புறம்தான் அளவு என்று திருப்பி அனுப்பினேன்.